பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்

தாராவித் தமிழர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். ஊரில் ஒரு கேதம் என்று தகவல் வந்தால், ஒரு காலத்தில் ரயிலில் இரண்டு இரவைக் கழித்துவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கும் வாய்ப்பை அவர்களுக்குத் தந்தது மலிவு விமானம்தான். 2003இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கியபோது திறந்த வழி அது. ஆகவே சாப்பாட்டுக்கும் ஜன்னல் சீட்டுக்கும் தனிக் காசு என்பதில் எனக்குப் பெரிய குறை இல்லை. கட்டுச்சோறு நமக்குப் புதிதா என்ன?

என் ஆதங்கம் வேறு. ஏதாவது தப்பாகிவிட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

மும்பை விமான நிலையத்தில் ஒருநாள் மதுரை விமானம் ரத்தானது. தாயார் இறந்துபோன செய்தி கேட்டுக் கிளம்பி வந்திருந்த தாராவி அண்ணாச்சி ஒருவர் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். மாலை சென்னை விமானத்திலாவது ஏற்றிவிடும்படி இந்தியில் கெஞ்சினார். மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இல்லை; ஆப்பில் பார்க்கச் சொன்னாள். அவர் கையில் இருந்தது பட்டன் போன். டிக்கெட் போட்டுக் கொடுத்தது யாரோ ஏஜென்ட். சற்று நேரம் ஒதுங்கி நின்றவர், ஊருக்குப் போன் போட்டுத் தம்பியிடம் சொன்னார்: "எனக்காவ காக்க வேண்டாம்ல. எடுத்துருங்க."

அந்தப் பெண்ணை நோவதில் நியாயமில்லை. அவளை அங்கே உட்கார வைத்தவர்கள், முடிவெடுக்கும் உரிமையை அவளுக்குக் கொடுக்கவில்லை.

பணம் கூடக் கொடுத்தாலும் இதே கதைதான். 2024 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து ஏர் இந்தியாவில் மும்பைக்கு வந்த 80 வயது முதியவரும் அவர் மனைவியும் முன்கூட்டியே சக்கர நாற்காலிகள் கேட்டிருந்தார்கள். வந்தது ஒன்றுதான். மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டு உடன் நடந்தவர், குடியேற்றச் சோதனைப் பகுதியில் சரிந்து விழுந்து இறந்துபோனார். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தனித்திருக்கும் நம் பெரியவர்களின் பயணமும் இப்படித்தானே?

பதில் சொல்ல ஆளில்லாத இந்த நிலையை 2025 டிசம்பரில் நாடே அனுபவித்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக்கிய விதி திடீரென்று வந்ததல்ல. இருந்தும் இண்டிகோ ஆயத்தமாகவில்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கும் மேலானோர் அந்த ஒரே நிறுவனத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். மாற்றாக இருந்த நிறுவனங்களோ மூடிவிட்டன: 2012இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019இல் மும்பையின் ஜெட் ஏர்வேஸ் நின்றது. போக்கிடம் இல்லாத பயணிக்கு யார் மரியாதை தருவார்கள்?

விதிகள் இல்லாமல் இல்லை. விமானம் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். காத்திருப்போருக்குச் சாப்பாடு தர வேண்டும். முன்னறிவிப்பின்றி ரத்து செய்து, அது நிறுவனத்தின் தவறாகவும் இருந்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. ஆனால் விதியை மீறியதற்கு வசூலிக்கும் அபராதம் அரசுக்குப் போகிறது. நிலையத்தில் தவித்தவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

எந்த நிறுவனத்தின் விமானமானாலும் மாற்றி ஏற்றிவிடும் அதிகாரத்துடன் ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரை நாமும் சும்மா இருக்கக் கூடாது. ரத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள். உங்கள் தெருவில் படிக்கத் தெரியாத ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால், அவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.