கல்பாசியும் செவ்வாய்க் கோளும்

செவ்வாய்க் கோளில் செடிகொடிகள் உண்டு என்று ஒரு காலத்தில் சொன்னவர்கள் கதை எழுதுவோர் மட்டும் அல்லர். தொலைநோக்கியின் முன் ஆண்டுக்கணக்கில் கண் விழித்திருந்த வானியலாரும் அவ்வாறே நம்பினர். 1877இல் இத்தாலியரான ஸ்கியாபரெல்லி அக்கோளின் மீது கோடுகளைக் கண்டதாக வரைந்து காட்டினார். அமெரிக்கரான பெர்சிவல் லோவல் அவற்றை வாய்க்கால்கள் என்றே கொண்டு, கரும்பகுதிகள் யாவும் பசுமை என்று நூல் நூலாக எழுதினார். சோவியத் அறிஞர் திகோவ் அல்மா ஆத்தாவில் அமர்ந்து, வேற்றுக் கோள்களின் தாவரங்களை ஆராய 1940களில் தனித் துறை ஒன்றையே தொடங்கினார். 1950களின் இறுதியில் வில்லியம் சின்டன் என்பார், செவ்வாயிலிருந்து வரும் ஒளியில் தாவரப் பொருளின் அடையாளம் தெரிவதாக அறிவித்தார். பிறகு ஆராய்ந்து பார்த்ததில், அந்த அடையாளத்தில் பெரும்பங்கு நம் பூமியின் காற்றிலுள்ள நீராவியால் வந்தது என்று தெரிந்தது. செவ்வாயைப் பார்க்கப் போனவர் தம் தலைக்கு மேலிருந்த ஈரத்தையே பார்த்திருக்கின்றார்!

1965 ஜூலையில் மாரினர் 4 என்னும் கலம் அருகே சென்று அனுப்பிய இருபத்துச் சில படங்கள் இக்கனவைக் கலைத்தன. வாய்க்காலும் இல்லை, வயலும் இல்லை; பள்ளம் விழுந்த தரிசு நிலமே தெரிந்தது. பருவத்துக்குப் பருவம் மாறிய கரும்பகுதிகள், காற்று புழுதியை வாரி இறைப்பதாலும் துடைப்பதாலும் மாறுபவை என்று பின்னர் விளங்கிற்று.

அரபியர் மிர்ரீக் என்று பெயரிட்டழைத்த அந்தச் செந்நிறக் கோளைப் பற்றி இன்று கேட்க வேண்டிய கேள்வி வேறு. அங்கே செடி இருக்கிறதா என்பதற்கு ஏறக்குறைய விடை கிடைத்துவிட்டது. இருக்க முடியுமா, நாம் கொண்டுபோய் ஊன்றினால் பிழைக்குமா என்பதே இப்போதைய கேள்வி. இதற்கு விடை தேடத் தொடங்கும் இடம் நம் சேலம், நாமக்கல் சமவெளியிலேயே இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர் வட்டாரத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் ஊர்கள் உள்ளன. அங்கே கிடக்கும் அனார்த்தசைட் என்ற வெண்சாம்பல் பாறை, நிலவின் மேட்டு நிலத்துப் பாறைக்கு இனமானது. சந்திரயான் திட்டத்தின் இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தபோது, 2012 முதல் சுமார் 50 டன் இப்பகுதியிலிருந்து இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையினர் அதற்குத் துணை நின்றனர். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 நிலவில் இறங்கியபோது, நம் பக்கத்தில் பலரும் அந்தப் பாறையைத் தேடிப் போய்ப் பார்த்தனர், நாமும் போனோம். கூட வந்த சிறுவர்கள் "நிலாக்கல்" என்று ஆளுக்கொரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டனர். நம் கண்ணில் பட்டது வேறொன்று. பாறை வெடிப்பில் விரற்கடை அளவு மண் சேர்ந்திருந்த இடத்தில் ஆவாரை பூத்திருந்தது.

நிலவிலும் அதே இனத்துப் பாறை; அங்கே ஒரு புல்லும் இல்லை. இங்கே ஆவாரை. இடையில் நிகழ்ந்தது என்ன?

2022இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனை இதற்குப் பாதி விடை தருகிறது. அப்போலோ 11, 12, 17 பயணங்களில் கொண்டுவந்து ஐம்பது ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருந்த நிலவு மண்ணில் 12 கிராம் அவர்களுக்குக் கிடைத்தது. நம் வீட்டில் ஒரு கரண்டி மிளகாய்த்தூளுக்கு ஆகும் எடை! அதைச் சிறு சிறு குழிகளில் கிராமுக்கு ஒன்றாகப் பகிர்ந்து, கடுகின் இனத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் விதைகளை இட்டு, சத்து நீர் ஊற்றி வந்தனர். விதைகள் அனைத்தும் முளைத்தன. ஒரு வாரத்துக்குள் வேறுபாடு தெரிந்தது. வேர் குறுகியது; வளர்ச்சி தளர்ந்தது; சில செடிகள் செம்மை பாய்ந்து வாடின. பூமியின் எரிமலைச் சாம்பலில் வளர்த்தவையோ நன்றாகவே இருந்தன. முளைப்பது விதைக்குள் இருக்கும் சேமிப்பினால். வளர்வதற்கு மண் வேண்டும் என்பதை உழவர் வீட்டில் பிறந்த எவரும் அறிவர்.

மண் என்பது யாது? கல்லைப் பொடித்தால் மண் ஆகிவிடுமா? இதைப் பற்றி நமக்கு ஏட்டறிவைக் காட்டிலும் கண்ணறிவு உண்டு. நம் குடும்பத்து மேட்டுக்காடு ஒன்றரை ஏக்கர். மானாவாரி நிலக்கடலையும் சோளமும் போடுவது. சில ஆண்டுகளுக்கு முன் மண் வாங்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து, மேலே உள்ள நாலடிச் செம்மண்ணுக்கு விலை பேசினார். வீட்டில் ஒரு மணமும் ஒரு மருத்துவச் செலவும் நின்ற நேரம். அந்தத் தொகை சிறிதன்று. இளையவர்கள் கொடுத்துவிடலாம் என்றனர். "அடியில் இருப்பதும் அதே மண்தானே பெரியத்தா, உழுதால் சரியாகிவிடும்" என்றான் ஒருவன். பெரியத்தா இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள், "அடியில் இருப்பது கல் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அத்துடன் பேச்சு முடிந்தது. மணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று.

அடுத்த காட்டுக்காரர் கொடுத்தார். டிப்பர் லாரிகள் பத்து நாள் ஓடின. அதன்பின் அங்கே இட்ட கடலை முளைத்தது; ஒரு சாண் உயர்ந்து மஞ்சளித்து நின்றுவிட்டது. கோழி எருவும் ஆட்டுக் கிடையும் போட்டு, இப்போதுதான் அந்த நிலம் மெல்லத் தேறி வருகிறது. அடிமண்ணிலும் சாம்பல் சத்து உண்டு, இரும்பு உண்டு, மழையும் அதே மழை. இல்லாதது உயிர்: மக்கிய இலையும் வேரும், மண்புழுவும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும். நிலவு மண்ணில் செடி பட்ட பாட்டைப் படித்தபோது நமக்கு நினைவு வந்தது அந்த மஞ்சளித்த கடலைதான்.

கல்லில் முதன்முதலாக உயிரைக் குடியேற்றியது யார் என்று கேட்டால், நம் வீட்டுப் பெண்மக்களின் மசாலா டப்பாவைத் திறந்து காட்டலாம். பெருநாள் பிரியாணிக்கு எண்ணெயில் போட்டதும் மணக்கிறதே, கருகிய காகிதம் போல் சுருண்ட கல்பாசி, அது பாசியும் அன்று, பூஞ்சையும் அன்று. இரண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாசி வெயிலை உணவாக்குகிறது. இந்த இனத்தவை பாறையின் மேல் ஒட்டி, அமிலம் கசிந்து, அதை அணு அணுவாக அரிக்கின்றன. இவை மடிந்து மக்கிய இடத்தில் பாசம் வருகிறது, பிறகு புல், பிறகு ஆவாரை. ஓர் அங்குல மண்ணுக்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

செவ்வாயை ஆராய்வோரும் இந்த இனத்தையே முதலில் நாடினர் என்பது வியப்பன்று. ஜெர்மானிய விண்வெளி மையத்தார், அண்டார்டிகாப் பாறையில் வாழும் ஒருவகைக் கற்பாசியைச் செவ்வாயின் குளிரும் காற்றும் ஒளியும் அமைத்த பெட்டியில் 34 நாள் வைத்துப் பார்த்து 2012இல் முடிவைச் சொன்னார்கள். பாறை இடுக்கில் இருப்பதுபோல் நிழல் கொடுத்து வைத்தவை, அந்நிலையிலும் ஒளியை உணவாக்கின. முழுக் கதிர்வீச்சில் கிடந்தவை நலிந்தன. சீனத்தார் 2024இல் பாலைவனப் பாசம் ஒன்றைப் பற்றி எழுதினர். உடலின் நீரில் நூற்றுக்கு 98 பங்கு போனாலும், ஐந்தாண்டு உறைகுளிரில் கிடந்தாலும், ஈரம் பட்டதும் அது பச்சை பிடிக்கிறதாம். செவ்வாய்ச் சூழலிலும் ஏழு நாள் தாங்கிற்று. செய்தித்தாள்கள் இவற்றை "செவ்வாயில் தாவரம் வளரும்" என்று தலைப்பிட்டன. தாங்குதல் வேறு, வளர்தல் வேறு. மூச்சை அடக்கிக்கொண்டு கிணற்றடியில் இருப்பவனைக் கிணற்றில் வாழ்கிறான் என்று சொல்வோமா?

அங்கே குறை கல்லில் மட்டும் இல்லை. காற்றின் அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. திறந்து வைத்த நீர் உறையும், அல்லது அடுப்பில்லாமலே கொதித்து ஆவியாகும். சராசரிக் குளிர் உறைநிலைக்குக் கீழ் 60 பாகை. காற்றில் 95 பங்கு கரியமிலவாயு. செடிக்கு அது விருந்துதான். ஆயினும் வேரும் மூச்சுவிட வேண்டும். அதற்கு உயிர்வாயு அங்கே இல்லை என்றே சொல்லலாம். 2008இல் பீனிக்ஸ் கலம் மண்ணை நீரில் கரைத்துப் பார்த்ததில், அது சற்றே காரத்தன்மை கொண்டது, சத்துகளும் உண்டு என்று தெரிந்தது. அறிவியலார் மகிழ்ந்தனர். அதே சோதனையில் பெர்குளோரேட் என்னும் உப்பும் தென்பட்டது. வாணவெடி மருந்தில் சேரும் இனம் அது. மனிதனின் தைராய்டுச் சுரப்பியைக் கெடுக்கும்.

செவ்வாய் எப்போதுமே இப்படி இருந்ததன்று. சேலம் நகரின் வடக்கே, ஏற்காட்டு மலையடியில், ஆங்கிலேயர் சாக் ஹில்ஸ் என்றழைத்த கரடுகளில் வெள்ளைக்கல் வெட்டுவதை நம் பக்கத்தார் அறிவர். பெயரில் சுண்ணம் இருந்தாலும் அது மாக்னசைட். எஃகு உலைக்கான தீச்செங்கல் ஆவது. ஆலிவின் என்னும் பச்சைக் கனிமம் நிறைந்த பாறையில் நீரும் கரியமிலவாயுவும் ஊடுருவி, நரம்பு நரம்பாக அந்த வெள்ளையைப் படிய வைத்தன. 2021 பிப்ரவரியில் பெர்சிவரன்ஸ் ஊர்தி இறங்கிய ஜெசீரோ பள்ளத்தில், ஆலிவின் பாறையோடு இதே இனத்துக் கார்பனேட்டுகளும் உள்ளன. அங்கும் ஒரு காலத்தில் ஏரி நிறைய நீர் இருந்தது; காற்றும் அடர்ந்திருந்தது. அக்காற்றில் ஒரு பங்கு கல்லாயிற்று. பெரும்பங்கு விண்ணில் கசிந்து போயிற்று. நம் பிள்ளைகள் பலர் பிழைக்கச் சென்றிருக்கும் ஐக்கிய அரபு அமீரகம் அனுப்பிய அல்-அமல் கலம், 2021 பிப்ரவரி 9 அன்று செவ்வாயை அடைந்து, நீரின் கூறுகளான ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இன்னமும் அங்கிருந்து வெளியேறுவதை அளந்து வருகிறது.

ஆகவே நம் கருத்து இது: திறந்த வானத்தின் கீழ் செவ்வாயில் பயிர் நிற்காது. கூரை போட்டு, காற்றடைத்து, உப்பை அலசி, இங்கிருந்து நுண்ணுயிரையும் எருவையும் கொண்டுபோனால் விளையும். அங்கே விளைவிக்கும் ஒவ்வொரு கீரைக்கட்டும் பூமியின் சிறு துண்டு ஒன்றைக் கொண்டுபோய் வைத்ததற்கு ஒப்பாகும். கோள் முழுவதையுமே சில தலைமுறைகளில் பசுமையாக்கிவிடலாம் என்று பேசும் செல்வந்தர்கள், நாலடி மண்ணை இழந்த ஒரு மேட்டுக்காட்டைத் திருத்திப் பார்த்ததில்லை போலும்.

ஊர்தி அங்கே சேகரித்த கல்லும் மண்ணும் குழாய்களில் அடைபட்டு அங்கேயே கிடக்கின்றன; கொண்டுவரும் வழி இன்னும் அமையவில்லை. வரும் நாளில் ஒரு கிராம் எடுத்து எதை விதைப்பார்களோ தெரியாது. நம் தட்டைப்பயறு 2025 ஜனவரியில் இந்திய ஏவுகலத்தின் மேற்பகுதியில் அமைத்த பெட்டிக்குள், பூமியைச் சுற்றிக்கொண்டே நாலு நாளில் முளைவிட்டது. அதே ஆண்டில் சுபான்ஷு சுக்லா பச்சைப்பயறும் வெந்தயமும் விண்வெளி நிலையத்தில் முளைக்க வைத்தார். பெரியத்தாவிடம் இதைச் சொன்னோம். பயறு நல்ல மண் கேட்கும் என்றார். மண்ணே இல்லாத கரட்டில் முதலில் கொள்ளு போட்டுப் பார்க்கச் சொன்னார். காய்க்காவிட்டாலும் மடக்கி உழுதுவிடலாமாம்.