விருந்தாளிக் கணக்கு

ஐப்பசி பிறந்தால் எங்கள் வன்னியம்பட்டித் தரிசுக்கு மத்திய ஆசியாவிலிருந்து விருந்தாளிகள் வந்துவிடும். பூனைப்பருந்துகள்தான்! பகலில் எண்ணினால், வட்டமிடும் ஒன்றையே இரண்டு தரம் எண்ணிவிடுவோம். இவை மரத்தில் அடையாமல் தரையில், புல்லுக்குள் தூங்குபவை. அதனால் பொழுது சாய்ந்து இறங்கும்போது, மாடியில் நின்று நானும் மகளும் எண்ணுவோம்.

"கோழிக்குஞ்சைத் தூக்கிரும் தாயி!" என்றார் மாமியார்.

"இல்லத்தே, வெட்டுக்கிளியும் எலியும்தான் பெரும்பாலும் இதுக்குத் தீனி. வெள்ளாமைக்கு நல்லது" என்றேன். இப்போது அவரே விரல் மடக்கி எண்ணுகிறார்.

போன தையில் யாரோ புல்லைக் கொளுத்திவிட்டார்கள். மறுநாள் ஒன்றுகூட இறங்கவில்லை, மனசு ஆறவில்லை.

நாகாலாந்தில் டோயாங் அணைப் பக்கம், 2012ல் அமூர் வல்லூறுகளை ஆயிரக்கணக்கில் பிடித்த ஊர்க்காரர்களே 2013ல் வலையைச் சுருட்டிவிட்டார்கள். சகோதரிகளே, பங்குனியில் இவை ஊர் திரும்பும்வரை தரிசில் தீ வேண்டாமென்று நாமும் வீட்டில் சொல்லலாமே!