ஹயகவாவின் முகம்

டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த ‘க்வாய் ஆற்றுப் பாலம்’ என்ற படம் கித்துல்கலையிலே, களனி கங்கைக் கரையிலே பெரிதும் படமாக்கப்பட்டது என்பதை இலங்கையர் பலர் அறிவர். அப்படத்திலே சிறைமுகாமின் தலைவரான கேணல் சைத்தோவாகத் தோன்றி, தம் கைதியான ஆங்கிலேய அதிகாரியிடம் மெல்ல மெல்லத் தோற்றுப்போகும் முதிய யப்பானியர், நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஹொலிவூட்டின் காதல் நாயகர்களுள் ஒருவராகக் கொண்டாடப்பட்டவர் என்பதை அறிந்தோர் சிலரே.

சிபா மாகாணத்திலே 1886இல் பிறந்த செசியூ ஹயகவா, அமெரிக்காவில் நாடக மேடை வழியாகத் திரைக்கு வந்தவர். 1914இல் சில படங்களில் நடித்தார்; அவ்வாண்டே நடிகை சுரு ஆவோக்கியை மணந்தார். ஆயினும் அவரை நாடறியச் செய்தது, அடுத்த ஆண்டு செசில் பி. டிமில் எடுத்த ‘ஏமாற்றுக்காரி’ என்ற மௌனப்படமே. கடன்பட்ட வெள்ளைக்காரச் சீமாட்டியின் தோளிலே பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் குறிசுடும் செல்வந்தனாக அதில் அவர் நடித்தார். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டுமென்று கைகளை வீசியும் கண்களை உருட்டியும் நடித்தோர் மலிந்திருந்த காலம் அது. ஹயகவாவோ ஏறத்தாழ ஒன்றுமே செய்யவில்லை. அசையாத முகத்துடன் நின்றார். திரையில் அடக்கமே வலிமை என்பதைப் பிரெஞ்சு விமர்சகர்கள் அவரிடமிருந்தே கண்டுகொண்டனர் என்றால் மிகையாகாது.

அமெரிக்காவில் வாழ்ந்த யப்பானியர் இப்படத்தைக் கண்டித்தனர். 1918இல் அது மீண்டும் வெளியானபோது, யப்பான் நேச நாடுகளின் அணியில் இருந்தது. எனவே எழுத்து அட்டைகள் மாற்றப்பட்டன. யப்பானிய வணிகன் பர்மிய யானைத்தந்த வணிகன் ஆனான். முகம் அதுவே, குற்றமும் அதுவே. பர்மாவோ பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அதன் சார்பில் முறையிட அரசொன்று இருக்கவில்லை.

வில்லன் வேடங்களில் சலிப்புற்ற ஹயகவா, அதே ஆண்டில் ஹாவர்த் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1919இல் வந்த ‘நாக ஓவியன்’ அதன் நற்பேறு. அதில் அவர் மனைவியே நாயகி. வெள்ளைக்கார நாயகி உள்ள கதையிலோ அவர் தியாகம் செய்து விலகவே நேர்ந்தது. வெள்ளையரும் யப்பானியரும் மணப்பதைக் கலிபோர்னியச் சட்டம் 1948 வரை ஏற்கவில்லை. திரைக்கதை அச்சட்டத்துக்குப் பணிந்து நடந்தது. தன் பணத்தைக் கொண்டும் ஒருவர் தமக்கு வேண்டிய முடிவை வாங்க இயலாதிருந்தமைதான் இவ்வாழ்க்கையின் கசப்பு.

யப்பானியர்மீது வெறுப்பு வளர்ந்துவந்த 1922இல் அவர் ஹொலிவூட்டை விட்டு நீங்கினார். பின்னர் பிரான்சிலும் யப்பானிலும் நடித்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே பிரான்சிலேயே தங்க நேர்ந்தபோது நீர்வண்ண ஓவியங்கள் விற்றும் வாழ்ந்தார்.

கித்துல்கலைக்கு அவர் வந்தது எழுபது வயதிலே. சைத்தோ வேடத்துக்காக ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டார். விருது அவருக்குக் கிட்டவில்லை. அக்கதை கூறும் சயாம்-பர்மா இரயில்பாதையிலே மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். தமிழர் பலர் வாழும் நாட்டிலே எடுக்கப்பட்ட படத்திலே அவர்களுக்கு இடமில்லை.

1973இல் தோக்கியோவில் ஹயகவா காலமானார். அவர் நடிப்பின் உயரத்தைக் காண விரும்புவோர், ஆங்கிலேய அதிகாரியிடம் பணிந்துபோன பின் சைத்தோ தன் அறையில் தனியே அழும் காட்சியைப் பார்க்கலாம். ‘ஏமாற்றுக்காரி’யில் இறுகி நின்ற அதே முகம் அங்கே உடைகிறது.