கவிழ்ந்த வண்டியை நிமிர்த்துவது யார்?

மின்விளையாட்டுகளில் வரும் இராணுவ ஊர்திகளைப் பற்றிய எனது முனைவர் பட்ட ஆய்வில், ‘ஹேலோ’ தொடரின் வார்ட்ஹாக்கிற்குத் தனி இயல் ஒன்று உண்டு. அந்த இயலை எழுதும்போது எழுந்த ஒரு கேள்வியை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். விளையாட்டு ஆய்வுகளில் ஈடுபட்டிருக்கும் மாணவ நண்பர்களுக்கு இது பயன்படக்கூடும்.

பங்கி நிறுவனம் உருவாக்கிய முதல் ஹேலோ 2001 நவம்பரில் வெளிவந்தது. தொடக்கத்தில் அது மேலிருந்து பார்த்துப் படைகளை நகர்த்தும் உத்தி விளையாட்டாகவே திட்டமிடப்பட்டிருந்தது. மேடு பள்ளங்களில் ஊர்திகள் குலுங்கி ஓடும் அழகு உருவாக்குநர்களை ஈர்த்தது. அவற்றை அருகிலிருந்து ஓட்டிப் பார்க்கும் ஆசையில் பார்வைக்கோணம் கீழிறங்கி வந்தது. ஒரு வண்டியின் ஓட்டம் ஒரு விளையாட்டின் வகைமையையே மாற்றியிருக்கிறது என்றால் மிகையில்லை.

அந்த வண்டியில் ஓட்டுநர் ஒருவர், அருகில் ஒருவர், பின்னால் சுழல் துப்பாக்கியை இயக்குபவர் ஒருவர் என மூவர் ஏறலாம். பாறையில் மோதிக் கவிழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தனியொரு வீரன் அதை நிமிர்த்திவிடுவான். எரிபொருள் தீராது. முதல் விளையாட்டில் அது உடைவதும் இல்லை. 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் ஊர்திகள் அழியத் தொடங்கின. முகப்பில் தந்தங்களைப் போல நீண்டிருக்கும் இரண்டு கொக்கிகள் உண்மையில் வண்டியை இழுத்து மீட்பதற்கானவை. முதல் விளையாட்டில் அவற்றுக்கு எந்த வேலையும் இல்லை. அவை வெறும் அணிகலன்கள்.

நான் வசிப்பது பெங்களூரு விவேக் நகரில். குழந்தை இயேசு ஆலயத்திற்கு வியாழக்கிழமைகளில் திரளும் கூட்டத்தால்தான் பலர் இப்பகுதியை அறிவார்கள். சற்றுத் தொலைவில் அகரம் பக்கம் இருக்கிறது இராணுவத்தின் ஏ.எஸ்.சி. பயிற்சி மையம். படைக்கு உணவு, எரிபொருள், போக்குவரத்து ஆகியவற்றை வழங்கும் பிரிவு அது. பழுது பார்க்க ஈ.எம்.ஈ. என்ற தனிப் பிரிவும் படையில் உண்டு. விளையாட்டு ஒரு பொத்தானில் முடித்துவிடும் வேலைக்கு நிஜப் படையில் முழுமையான பிரிவுகளே தேவைப்படுகின்றன.

என் தாத்தா படைப் பணிமனை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். அவர் கைபட்ட வண்டிகளில் அவர் அதிகம் பேசியது ஜோங்காவைப் பற்றித்தான். நிசான் பேட்ரோல் வண்டியின் உரிமம் பெற்று ஜபல்பூர் ஊர்தித் தொழிற்சாலை 1999 வரை தயாரித்த வண்டி அது. ஜபல்பூர் படைக்கல, பீரங்கிவண்டித் தொழிற்சாலைகளின் ஆங்கிலப் பெயரெழுத்துகளே ‘ஜோங்கா’ ஆயின. சேறு அப்பி வரும் வண்டியின் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி, கழுவி, கிரீஸ் தடவி மீண்டும் பூட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பார். ஒரு வண்டி கவிழ்ந்தால் எத்தனை பேர், எத்தனை ஜாக்கி, எவ்வளவு கயிறு என்று அவர் கணக்குச் சொல்வார். யார் சுட்டார்கள் என்பது அவர் கதைகளில் வந்ததே இல்லை.

அது அவர் ஒருவரின் கதை மட்டுமன்று. 1809இல் இங்கே தண்டு அமைந்தபோது சென்னைப் படையோடு வந்து குடியேறிய தமிழர்களில் சிப்பாய்களைவிடப் பின்தொடர்ந்து வந்தவர்களே நம் குடும்ப நினைவுகளில் மிகுதி: சமையல், சலவை, சரக்கு, குதிரைப் பராமரிப்பு. ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக் நகர்ப் பகுதிகளின் தெருக்களில் இன்றும் கேட்கும் தமிழுக்குப் பின்னால் இந்த உழைப்பின் நெடிய வரலாறும் இருக்கிறது.

விளையாட்டில் எரிபொருள் அளவி வேண்டும் என்று நான் கோரவில்லை. அந்த ஒற்றைப் பொத்தான் சிறந்த வடிவமைப்பு முடிவு. அது இல்லையென்றால் ஆட்டம் நொடிக்கு நொடி நின்றுபோகும். ஆனால் போர் விளையாட்டுகளைப் பற்றிய நம் விமர்சனம் பெரும்பாலும் துப்பாக்கிமுனையிலேயே நின்றுவிடுகிறது. வன்முறை எவ்வளவு, இரத்தம் எவ்வளவு என்று அளக்கிறோம். பராமரிப்பு உழைப்பை அழித்துவிட்டால் போர் மலிவாகத் தோன்றும் என்பதை அளப்பதில்லை. 2007இல் நீல் புளொம்காம்பின் குறும்படங்களுக்காக நியூசிலாந்தின் வேட்டா பணிமனை ஓடக்கூடிய வார்ட்ஹாக் ஒன்றை நிஜமாகவே செய்தது. திரையைவிட்டு வெளியே வந்த அந்தக் கணமே அதற்கு எரிபொருளும் எஞ்சினும் தேவைப்பட்டன. கிரீஸ் படிந்த கைகளும் தேவைப்பட்டன.

குடும்பக் கதையை ஆய்வேட்டில் சேர்ப்பது முறைதானா என்று ஒரு கருத்தரங்கில் கேட்டார்கள். பணிமனைகளில் உழைத்தவர்களின் சொற்கள் ஆவணக் காப்பகங்களுக்குள் எளிதில் நுழைவதில்லை. வீடுகளில் எஞ்சியிருக்கும் அச்சொற்களே என் சான்று. ஆகவே தாத்தாவின் கணக்கு இயலின் அடிக்குறிப்பில் அன்று, உடலிலேயே இடம்பெறும். ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஃபிட்டரோ ஓட்டுநரோ சமையற்காரரோ இருந்தால், அவர்கள் பேசக்கூடிய காலத்திலேயே அமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.