ஷயருக்குத் திரும்புதல்

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை வாசித்த பிறகுதான் படங்களைப் பார்த்தேன். அதனால் 2003இல் வந்த மூன்றாம் படத்தின்மேல் ரொம்ப நாள் கோபம். நாவலில் ஃப்ரோடோவும் நண்பர்களும் போர் முடிந்து திரும்பும்போது ஷயர் சீரழிந்து கிடக்கும். மரங்களை வெட்டிச் சாய்த்திருப்பார்கள். சொந்த ஊரையே சண்டை போட்டு மீட்க வேண்டும். பீட்டர் ஜாக்சன் அந்த அத்தியாயத்தையே விட்டுவிட்டார். 'கதையோட உயிரையே எடுத்துட்டாங்களே' என்று புலம்பித் திரிந்தேன்.

அப்பா இறந்து சில மாதங்கள் கழித்துப் படத்தை மறுபடி பார்த்தேன். ஷயர் அதே பச்சையோடு இருக்கிறது. நால்வரும் மதுக்கடையில் உட்கார்கிறார்கள். சுற்றிலும் சிரிப்பு, சத்தம். அங்கே ஒரு பெரிய பூசணிக்காய்க்குக் கிடைக்கிற கவனம்கூட இவர்களுக்கு இல்லை. பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

காரியம் முடிந்த அன்று சாயங்காலம் தெருமுனை டீக்கடைக்குப் போயிருந்தேன். அதே பெஞ்சு, அதே கிரிக்கெட் பேச்சு. எனக்கு மட்டும் எதுவும் அதே மாதிரி இல்லை.

நாவலில் ஊர் மாறிவிடுகிறது; படத்தில் மாறவேயில்லை. இரண்டிலுமே ஃப்ரோடோவால் அங்கே தங்க முடியவில்லை, கப்பலேறிவிடுகிறான்.

அந்த அத்தியாயம் இல்லாதது எனக்கு இன்னும் நஷ்டம்தான். ஆனால் விட்டதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த நான், அந்த மதுக்கடை மேசையை இவ்வளவு நாள் பார்க்கவேயில்லை.