எபேசுவில் ஒரு நூலகம்

பைபிள் படித்தவர்களுக்கு எபேசு தெரிந்த பெயர். புதிய ஏற்பாட்டில் எபேசியருக்கு ஒரு நிருபம் உண்டே, அந்த ஊர்தான். போன வருடம் மகன் எங்களைத் துருக்கிக்கு அழைத்துப் போனபோது அதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. கிரேக்கர்கள் கடல் கடந்து வந்து உண்டாக்கிய நகரம். பிறகு ரோமானியர் கைக்குப் போனது. இன்று செல்சுக் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கல்லும் தூணுமாகக் கிடக்கிறது.

துறைமுகத்தால் வாழ்ந்த ஊர் அது. ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. இப்போது கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கடல் போனது, கப்பல் போனது, கடைசியில் சனமும் போய்விட்டது.

மேல் வாசலில் நுழைந்து சரிவில் இறங்கினோம். பாதையெங்கும் சலவைக்கல், தேய்ந்து தேய்ந்து வழுக்குகிறது. மனைவிக்கு முழங்கால் வலி. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். இடிந்த சுவர்களின்மேல் பூனைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

பாதையின் அடியில் செல்சஸ் நூலகம். இரண்டு அடுக்குத் தூண்கள், நடுவில் நான்கு பெண் சிலைகள். ஒவ்வொன்றும் ஒரு குணம்: ஞானம், அறிவு, சிந்தனை, நல்லொழுக்கம். அங்கே நிற்பவை நகல்கள்தான்; அசல் வியன்னா அருங்காட்சியகத்தில். விழுந்து கிடந்த முகப்பை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 1970களில் கல் கல்லாகச் சேர்த்து நிறுத்தினார்களாம்.

இந்தக் கட்டடம் ஒரு சமாதியும்கூட. செல்சஸ் அந்தப் பகுதியின் ஆளுநராக இருந்தவர். அவர் இறந்ததும் மகன் அக்விலா தகப்பனாரின் நினைவாக இதைக் கட்டத் தொடங்கினான். கட்டி முடிவதற்குள் அவனும் போய்விட்டான், வாரிசுகள் முடித்தார்கள். புத்தகம் வாங்கவும் அவன் பணம் ஒதுக்கி வைத்திருந்தானாம். புத்தகங்களுக்குக் கீழே, நிலவறையில், தகப்பனாரின் கல் பெட்டி.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து இரண்டு மர பீரோ நிறையப் புத்தகம் வாங்கியிருந்தார். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் இருக்கும். அவர் போன மறு வருடம் வீட்டை விற்றோம். எனக்கு மாற்றல் வந்த நேரம்; போகிற ஊரில் இரண்டு அறை வாடகை வீடு. பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டேன். அம்மா வாசல்படியில் நின்றபடி, "ஒண்ணு ரெண்டாவது எடுத்து வச்சுக்கோடா" என்றாள். லாரி வந்து நின்றிருந்த அவசரம். நான் எடுத்து வைக்கவில்லை.

இத்தனை வருடம் இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று அந்தக் கல்லில் உட்கார்ந்து மகனிடம் சொன்னேன். அவன் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தா என்னென்ன படிப்பாருப்பா?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தேன். நான்கு பெயர்களுக்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் என் புத்தகங்களைப் பட்டியல் எடுக்கத் தொடங்கினேன். 140 வரை வந்திருக்கிறது. எனக்குப் பிறகு எங்கள் கிளை நூலகம் எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொள்ளட்டும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தில் நானும் இப்போது தேதி போட்டுக் கையெழுத்திடுகிறேன். அப்பாவின் பெயரையும் சேர்த்து.