மின்சாரம் போனாலும் அழியாத எழுத்து

கிண்டில் என்னும் மின்நூல் கருவியைத் தோழியர் சிலர் பார்த்திருப்பீர்கள். 2007இல் வெளிவந்த அதன் திரை ஒளி வீசுவதில்லை. காகிதத்தைப் போல அறை வெளிச்சத்திலேயே வாசிக்கலாம். இதை மின்மைத் திரை என்பர். உள்ளே மயிரிழைத் தடிப்பான நுண்குமிழ்களில் வெள்ளை, கறுப்புத் துணிக்கைகள் எதிரெதிர் ஏற்றங்களுடன் மிதக்கின்றன. உயர்தரப் பௌதிகவியலில் நாம் படிக்கும் மின்புலமே அவற்றை மேலும் கீழும் நகர்த்துகிறது. நகர்ந்தபின் மின்சாரம் வேண்டியதில்லை. எழுத்து அப்படியே நிற்கும்.

இதைக் கொண்டு உம்மும்மாவுக்கு ஒரு தொழுகை நேரப் பலகை செய்ய விரும்பினேன். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து புத்தளம் போனவர் அவர். இரண்டு ஊரிலும் பாங்கு கேட்டுத் தொழுதவர். வாப்பாவின் தொழிலுக்காக நாங்கள் குடிவந்த அளவெட்டியில் கோயில் மணி கேட்கும், கலியாண நாள்களில் நாதஸ்வரமும் தவிலும் கேட்கும், பாங்கு கேட்காது. கைபேசி வெளிச்சமோ அவர் கண்ணுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ராஸ்பெரி பை சீரோ என்ற சிறு கணினியின் 40 ஊசிகளில் 7.5 அங்குலத் திரையைப் பொருத்தி, எஸ்.பி.ஐ. இணைப்பை இயக்கி, பைதானில் நிரல் எழுதினேன். பள்ளிவாசலின் நேர அட்டவணையை அதில் சேர்த்தேன். திரை இரண்டு மூன்று முறை கறுத்து வெளுத்தபின் ‘தொழுகை நேரம்’ என்பதற்குப் பதிலாக ‘நரேம்’ என்று ஏதோ தெரிந்தது! ஏகாரக் குறியைக் கணினி மெய்யெழுத்துக்குப் பின்னாலேயே சேமிக்கிறது. அதை முன்னால் நகர்த்தி வரைய வேறொரு மென்பொருள் வேண்டும். அதன் பெயர் ஹார்ஃப்பஸ். பாரசீகத்திலிருந்து வந்த பெயர். அலிஃப், பே ஓதிய நமக்கு அந்த ‘ஹர்ஃப்’ புதிதல்லவே! அதைச் சேர்த்ததும் தமிழ் நிமிர்ந்தது.

எழுத்து அழியாமலிருப்பது வசதிதான், ஆபத்தும் அதுவே. கணினி நின்றுபோனாலும் திரை வேலை செய்வது போலவே தோன்றும். தொழுகை நேரம் நாளுக்கு நாள் சிறிதளவே மாறும். ஆனாலும் பல நாள் பழைய நேரமே நின்றால் நோன்பு திறப்பது முந்திவிடக்கூடும். பை சீரோவில் பற்றரியில் ஓடும் கடிகாரமும் கிடையாது. ஆகவே நாணயப் பற்றரியுடன் டி.எஸ். 3231 என்ற கடிகாரத் துண்டை இணைத்து, கிழமையையும் திகதியையும் மேலே பெரிதாக எழுதவைத்தேன். இன்றைய திகதி இல்லாவிட்டால் பலகையை நம்பவேண்டாம் என்று உம்மும்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அவர் திகதியை உரக்க வாசித்த பிறகுதான் நேரத்தைப் பார்க்கிறார்.

மஃரிபுக்கு மட்டும் சோனகத் தெருவிலுள்ள தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, பாங்கு முடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்.

“பலகைதான் இருக்கே, உம்மும்மா?” என்று கேட்டேன்.

“உன்ட பலகை நேரத்தைச் சொல்லுது மகள். கூப்பிட அதுக்குத் தெரியாதே” என்றார்.